முழு வருகைக்கான பரிசு

புஷ்பமேரி டீச்சர் காலையில் வகுப்புக்குள் வந்ததும் முதலில் கோடு போடுவாள். வருகைப் பதிவேட்டில் காலைக்கு ஒரு சாய்கோடு. மதியம் அதன் குறுக்கே இன்னொன்று. வராத பிள்ளையின் கட்டத்தில் சிவப்பு மையில் ‘ஏ’. ஒன்பது வருடப் பழக்கம். பெயரைப் பார்க்காமலே கை போய்க்கொண்டிருக்கும்.

பஞ்சம்பட்டியில் பிறந்து கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்கு வந்தவள். கணவன் காமராஜ் பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்தவன். இரும்புத்தூளா வேறு ஏதாவதா தெரியவில்லை, இரண்டு வருடமாக மூச்சிரைப்பு. கட்டிலில் உட்கார்ந்தபடியேதான் தூங்குவான். வீட்டில் வேலைக்குப் போவது அவள் மட்டும்தான். அந்த வேலையும் எண்ணிக்கையில் நின்றது. பள்ளியில் பிள்ளைகள் குறைந்தால் ஓர் ஆசிரியர் உபரி. உபரி என்றால் கடைசியாகச் சேர்ந்தவர். கடைசியாகச் சேர்ந்தவள் புஷ்பமேரி.

தோல் பதனிடுகிற ஷாப்புகள் இருக்கும் பக்கத்தில் ஓட்டுக் கூரை போட்ட, அரசு உதவி பெறும் தனியார் தொடக்கப் பள்ளி அது. அவளுடைய மூன்றாம் வகுப்பின் பின்சுவருக்கு அந்தப்புறம் மூடிக் கிடந்த ஒரு தோல் ஷாப்பு. ஆட்கள் போய் நாலு வருடமாகியும் வாடை போகவில்லை. காற்று திரும்பினால் பிள்ளைகள் சட்டைக் காலரை மூக்குக்கு இழுத்துக்கொண்டு பாடம் படிப்பார்கள்.

மூன்றாம் வகுப்புப் பதிவேட்டில் நாற்பது பெயர். வந்தவர்கள் முப்பத்து நாலு பேர். மற்ற ஆறு பேர் வேலைக்குப் போயிருப்பார்கள், ஊர் மாறியிருப்பார்கள். “பேரை மட்டும் அடிச்சிராதீங்கம்மா” என்று தலைமையாசிரியர் பெருமாள்சாமி சொல்லியிருந்தார். அதற்கு ஒரு முறையும் இருந்தது. வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய்க் கேட்கக் கூடாது. கேட்டால் நிறுத்திவிட்டோம் என்பார்கள். அவர்கள் சொல்லிவிட்டால் பெயரை அடித்தாக வேண்டும். கேட்காத வரை பிள்ளை பள்ளியில் இருக்கும்.

அந்த ஆறில் ஐந்து பெயர்களுக்கு புஷ்பமேரி இடையிடையே ‘ஏ’ போட்டாள். காய்ச்சல் வந்த மாதிரி, திருவிழாவுக்குப் போன மாதிரி. ஆறாவது பெயர் பக்கத்தின் கடைசியில் இருந்தது. பாஸிலா. அங்கே வரும்போது கை வேகமெடுத்திருக்கும். கோட்டோடு கோடாகப் போட்டுப் பதிவேட்டை மூடிவிடுவாள். வராத பிள்ளைக்கு லீவு போட மறந்துவிட்டாள்.

1987 பிப்ரவரி மூன்றாவது வாரம் பள்ளியில் கல்வி வாரம் கொண்டாடினார்கள். திங்கட்கிழமை கண்காட்சி. செவ்வாய் விளையாட்டு. புதன் ஆண்டாய்வு. வெள்ளி மாலை பரிசளிப்பு.

திங்கள் காலை மூன்றாம் வகுப்பு பார்வையாளர்களுக்காக ஏழாம் வாய்ப்பாடு பழகியது. ஏழ் பத்து எழுபது என்று முடித்து எல்லோரும் வாயை மூடினார்கள். பிறகும் ஒரு குரல் ஓடியது. மெல்லிய குரல். “ஏழ் பதினொண்ணு எழுபத்தேழு.”

புஷ்பமேரி நிமிர்ந்தாள். “யாரு அது?”

முன்வரிசைச் சிறுமி பின்சுவரைக் காட்டினாள். “தோல் ஷாப்புப் பேய் டீச்சர். தினம் சொல்லும்.”

“நம்மளவிட ஒண்ணு கூடத் தெரியும் டீச்சர் அதுக்கு” என்றான் ஒருவன். வகுப்பு சிரித்தது.

“சுவத்துல பட்டு நம்ம சத்தம்தான் திரும்பி வருது. வாயை மூடுங்க” என்றாள். கண்காட்சிக்குக் களிமண்ணில் செய்த மலைக்கோட்டை நடுவில் வெடித்துக்கொண்டிருந்தது. அதற்குத் தண்ணீர் தொட்டுப் பூச வேண்டியிருந்தது.

மதியம் சமையல் கொட்டகையின் பின்பக்கத்திலிருந்து சத்துணவு ஆயா ஜோதிமணியின் குரல் கேட்டது. “போ, போ. இந்த வாரம் பூரா இந்தப் பக்கமே வரக் கூடாது. பெரிய ஆளுக வாராக. எட்டிப் பாத்தேன்னா கரண்டிதான்.” நாயை விரட்டுகிறாள் என்று புஷ்பமேரி நினைத்தாள். நாயிடம் யாரும் இம்புட்டு விளக்கம் சொல்ல மாட்டார்கள் என்று அப்போது தோன்றவில்லை.

செவ்வாய் சாக்கு ஓட்டத்தில் ஒரு பையன் விழுந்து பல் போனது. மற்றபடி நல்லபடியாக நடந்தது. பின்சுவர்ப் பக்கம் அன்று சத்தம் இல்லை.

புதன்கிழமை ஏ.இ.ஓ. வந்தார். தொடக்கப் பள்ளிகளைப் பார்வையிடும் கல்வி அதிகாரி. அவர் வருவதற்கு முன்பே பெருமாள்சாமி பக்கத்துத் தெருக்களிலிருந்து பிள்ளைகளைத் திரட்டிவிட்டார். ஒவ்வொரு ஆண்டாய்வுக்கும் அப்படித்தான். வேறு பள்ளிப் பிள்ளைகள், எந்தப் பள்ளிக்கும் போகாதவர்கள். ஆளுக்கு ஒரு பெயர் சொல்லிக்கொடுத்துக் காலி இடங்களில் உட்கார வைப்பார்கள். மதியம் முட்டையோடு சாப்பாடு.

“ஏலே, உன் பேரு என்ன?” என்று பெருமாள்சாமி சோதித்தார்.

“இன்னைக்கா சார்?” என்றான் பையன்.

“கூறுகெட்டவனே. இன்னைக்குத்தான்.”

“சேதுபதி சார். சாயங்காலம் சடையாண்டி.”

வினிதா என்று ஒரு சிறுமியை பாஸிலாவின் இடத்தில் உட்கார வைத்தார்கள். நெற்றிப் பொட்டை புஷ்பமேரியே எச்சில் தொட்டு அழித்தாள்.

ஏ.இ.ஓ. பதிவேட்டை நிதானமாகப் புரட்டினார். மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டு வந்தவர் கடைசிப் பெயரில் நின்றார். ஜூனுக்குப் போனார். திரும்பவும் பிப்ரவரிக்கு வந்தார்.

“ஒரு ஏ கூட இல்லையே. யாரும்மா பாஸிலா?”

வினிதா எழுந்து நின்றாள்.

“இந்தத் தாலுகாவுல நான் பாத்ததுல ஒரு நாள் விடாத பிள்ளை நீ ஒருத்திதான்” என்றார் அவர். பெருமாள்சாமியிடம் திரும்பினார். “வெள்ளிக்கிழமை முதல் பரிசு முழு வருகைக்கு. நானே குடுக்கேன். அப்பாவை அவசியம் வரச் சொல்லுங்க. அவரையும் மேடை ஏத்தணும். மத்தவங்களுக்கு ஒரு உதாரணமா இருக்கட்டும்.”

அவர் ஜீப் போனதும் பெருமாள்சாமி நாற்காலியில் சாய்ந்தார். “நடுவுல ரெண்டு ஏ போட்டிருக்கக் கூடாதாம்மா?”

“மறந்துட்டேன் சார்.”

“பிள்ளைக்கு வினிதா இருக்கா. அப்பனுக்கு எங்க போக?” அவருக்கே சிரிப்பு வந்து அடங்கியது. “வீட்டுக்குப் போங்க. நிஜப் பிள்ளையையும் நிஜ அப்பனையும் கூட்டிட்டு வாங்க. பவுடர் பூசி ரிப்பன் கட்டினா ஏ.இ.ஓ.வுக்கு எல்லாப் பிள்ளையும் ஒண்ணுதான். பதிவேடு மட்டும் வெளிய வந்துச்சுன்னா உங்க வேலை முதல்ல போகும். அடுத்தது எனக்கு.”

சேர்க்கைப் பதிவில் இருந்த முகவரி ஊர்க் குளத்துக்கு மறுகரையில் ஒரு லயன் வீடு. அந்த வரிசைப் பிள்ளைகள் நகராட்சிப் பள்ளிக்குப் போனார்கள். இந்தப் பள்ளிக்கு வந்தது பாஸிலா ஒருத்திதான். புஷ்பமேரி மாலையில் போனபோது அவளுடைய அத்தா கிதர் முகம்மது அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அவர் வேறொரு தோல் ஷாப்பில் தோல் அலசுபவர். மனைவி குர்ஷித் பேகம் பிரியாணிக் கடையில் வெங்காயம் உரிக்கிறவள். இருவரும் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார்கள்.

வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். பிள்ளையை நிறுத்திட்டீங்க, தெரியும், ஒரே ஒரு நாள் மட்டும் அனுப்புங்க. அதைச் சொல்ல வாய் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“வாங்க டீச்சரம்மா. புள்ள ஒழுங்காப் படிக்குதா? மழையோ வெயிலோ, பையத் தூக்கிட்டுக் கிளம்பிருது. ஒரு நாள் வவுத்து வலின்னு சொன்னது இல்ல.”

புஷ்பமேரி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

பாஸிலா கதவுக்குப் பின்னால் இருந்தாள். எட்டு வயது. தோளில் பள்ளிப் பையை இன்னும் கழற்றவில்லை. பையிலிருந்து அலுமினியத் தட்டின் விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தது. டீச்சரை ஒரு முறை பார்த்துவிட்டுக் கைகளைப் பாவாடைக்குள் மறைத்தாள்.

“கையக் காட்டுடி. டீச்சரம்மாவே பாக்கட்டும்” என்று குர்ஷித் பேகம் இழுத்துக் காட்டினாள். விரலிடுக்கெல்லாம் வெள்ளையாக வெடித்து, வெடிப்புக்குள் சிவப்பாக இருந்தது. “நாலஞ்சு மாசமா இப்பிடித்தான். சொறி ஆறுச்சு, அடுத்து இது. வேப்பெண்ணெ போட்டும் கேக்கல. ஸ்கூல்ல சாக்பீஸ் இல்லாம சுண்ணாம்புக் கட்டி வச்சுல்ல எழுதச் சொல்றீகளாம்?”

அப்போது புஷ்பமேரிக்கு ஆகஸ்ட் மாதத்து ஒரு காலை ஞாபகம் வந்தது. வகுப்பில் மூன்று பேருக்குச் சொறி. அவர்களை வாசலில் நிறுத்தி, கை ஆறுகிற வரைக்கும் உள்ளே வராதீர்கள் என்று சொன்னாள். இரண்டு பேர் பத்து நாளில் திரும்பினார்கள். மூன்றாவது பிள்ளை திரும்பவில்லை. வேலைக்குப் போட்டுவிட்டார்கள் என்று தானே நினைத்துக்கொண்டு, பெருமாள்சாமி சொன்ன முறைப்படியே வீட்டில் போய்க் கேட்காமல் விட்டாள்.

பிள்ளையை யாரும் நிறுத்தவில்லை. அது தினமும் காலையில் கிளம்பி, சாயங்காலம் வீடு திரும்பியிருக்கிறது. ஆறு மாதம். நடுவில் அது எங்கே இருந்தது என்று யாரும் கேட்டதில்லை. பள்ளியில் இருப்பதாகப் பெற்றவர்கள் நினைத்தார்கள். வேலைக்குப் போவதாக அவள் நினைத்தாள். பதிவேடு இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்லிவிட்டது.

“டீச்சரம்மா?” என்றாள் குர்ஷித் பேகம். “சுண்ணாம்புலயா எழுதுறீக?”

சிறுமி டீச்சரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா” என்றாள் புஷ்பமேரி.

பிறகு பரிசைப் பற்றிச் சொன்னாள். கிதர் முகம்மது ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். “எம்புள்ளைக்கா? ஏ.இ.ஓ. கையாலயா? அல்ஹம்துலில்லாஹ்.” மகளைத் தூக்கி நிறுத்தினார். “கேட்டியா கழுத? ஏன் முழிக்கிற?” பாஸிலா உடம்பை மரக்கட்டை போல வைத்துக்கொண்டிருந்தாள். புஷ்பமேரி அவளருகில் குனிந்து, “நாளைக்குக் காலையில வந்துரு. ஒத்திகை இருக்கு” என்றாள். தன் குரல் மிரட்டுவது போல இருந்ததை அவளே கேட்டாள்.

வீட்டில் காமராஜிடம் மட்டும் சொன்னாள். அவன் மூச்சு வாங்கி வாங்கிப் பேசினான். “வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான. புள்ள வரும், பரிசு வாங்கும், முடிஞ்சு போகும். நீயா வாயத் திறந்து எதையும் கொட்டிராத. நாம எங்க போறது?”

வியாழக்கிழமை பாஸிலா ஒத்திகைக்கு வரவில்லை.

பதினொரு மணிக்கு புஷ்பமேரி சமையல் கொட்டகைக்குப் போனாள். கேட்க வேண்டியதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல், “திங்கக்கிழமை யாரை விரட்டின ஜோதிமணி?” என்றாள்.

ஜோதிமணி சாம்பாருக்குக் கத்தரிக்காய் நறுக்கியபடி ஏறிட்டுப் பார்க்காமல் பேசினாள். “எதுக்கு, உங்க வகுப்புப் புள்ளையத்தான். பாய் வீட்டுப் புள்ள. சொவத்துக்கு அந்தப் பக்கம் கெடக்கும். மணி அடிச்சா ஓட்டை வழியாத் தட்ட நீட்டும். உங்க நோட்டுல பேரு இருக்கு, அதுக்கும் அரிசி வருது, வந்த அரிசிய அது திங்காம நானா திங்கிறது? போட்டேன். இந்த வாரம் தொரைமாரு வாராகன்னு சார்தான வெளி ஆளு நிக்கக் கூடாதுன்னாரு. பத்திவிட்டேன்.”

“ஆறு மாசமா ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொல்ல வந்தேன் டீச்சர். தெனம் நீங்க கோடு போடுறீக. தெரிஞ்சுதான் போடுறீகன்னு இருந்துட்டேன்.”

சுவரின் கோடியில் இடிந்த இடம் ஒன்று இருந்தது. புஷ்பமேரி சேலையைச் செருகிக்கொண்டு அதன் வழியாக நுழைந்தாள். உள்ளே ஆளுயரக் கருவேலஞ்செடிகள். பெரிய வேப்பமரம் ஒன்று. அதற்கு அப்பால் தோல் ஊற வைக்கிற சுண்ணாம்புக் குழிகள் வரிசையாக ஐந்து. நாலில் மழைத்தண்ணீர் பச்சை பிடித்துக் கிடந்தது. ஐந்தாவது வறண்டு, அடியில் சுண்ணாம்பு பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஆளுயர ஆழம். விளிம்பு வழுக்கியது.

வகுப்பின் பின்சுவரில் அந்தப் பக்கமும் எழுதியிருந்தது. தரையிலிருந்து ஒரு பிள்ளையின் கை எட்டும் உயரம் வரை, சுண்ணாம்புக் கட்டியால். வாய்ப்பாடு. ஜனவரியில் அவள் நடத்திய பாடத்தின் கேள்விகள். முந்தின நாள் ஆய்வின்போது நடத்தியதும் இருந்தது. ஓரத்தில் பெயர்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக. புஷ்பமேரி அவற்றை வாய்க்குள் வாசித்துக்கொண்டே போனாள். காலையில் அவள் பெயர் கூப்பிடுகிற வரிசை அது. வருகிறவர்களை மட்டும்தான் அவள் கூப்பிடுவாள். முப்பத்து நாலு பெயர்கள் இருந்தன. பாஸிலா என்ற பெயர் இல்லை.

“பாஸிலா” என்று கூப்பிட்டாள். தாழ்ந்த குரலில்தான். மைதானத்தில் பந்தல்காரர்கள் இருந்தார்கள், பெருமாள்சாமி இருந்தார். உரக்கக் கூப்பிட்டால் எல்லோருக்கும் கேட்கும். முட்செடிக்குள் எதுவோ அசைந்து நின்றது. ஓணானாக இருக்கலாம். செத்த நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கே ஒலிபெருக்கி பாடத் தொடங்கியது. மைக் செட்காரன் வேப்பமரத்தை நோக்கிக் குழாயைத் திருப்பி வைத்திருந்தான். பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தோரணத்துக்கு வேப்பங்குலை கேட்டார்கள். புஷ்பமேரி சுவரின் ஓட்டையைக் காட்டினாள். அவர்கள் கூச்சல் போட்டுக்கொண்டு போய், கை நிறைய ஒடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்களிடம் “அங்க யாராச்சும் இருந்தாங்களா?” என்றாள்.

“யாரும் இல்ல டீச்சர்.”

மூன்று மணிக்கும் பாஸிலா வரவில்லை. பெருமாள்சாமி வினிதாவுக்குப் பவுடர் பூசச் சொன்னார். “அப்பனும் வரலைன்னு வைங்க, தப்பிச்சோம்.”

கிதர் முகம்மது மூன்றரைக்கே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அத்தர் வாசனை. புஷ்பமேரியைக் கண்டதும் எழுந்து, “காலையில ஏழு மணிக்கே கிளம்பிருச்சுன்னு பக்கத்து வீட்டுல சொன்னாக டீச்சரம்மா. விழாவுக்கு அம்புட்டு அவசரம்” என்றார். அவள் தலையை ஆட்டினாள். ஏழு மணி. அவள் மனதுக்குள் மணிகளை எண்ணினாள். ஒன்பது மணி நேரம் ஆகப்போகிறது.

கடவுள் வாழ்த்து. வரவேற்புரை. ஏ.இ.ஓ. கல்வியின் அருமை பற்றிப் பேசினார். பிறகு பெருமாள்சாமி தாளைப் பார்த்து வாசித்தார். “முழு வருகைக்கான முதல் பரிசு. மூன்றாம் வகுப்பு, பாஸிலா.”

வினிதா மேடை ஏறினாள். கைதட்டல். கிதர் முகம்மதும் தட்டிக்கொண்டே எழுந்தார். தட்டுவது நின்றது.

“அது எம்புள்ள இல்லியே” என்றார்.

பின்னால் சிலர் சிரித்தார்கள். “செத்த நேரம் உக்காருங்க பாய்” என்று பெருமாள்சாமி மைக்கிலேயே சொன்னார். கிதர் முகம்மது உட்காரவில்லை. மேடையைப் பார்த்தார், பிள்ளைகள் உட்கார்ந்திருந்த வரிசைகளைப் பார்த்தார். பிறகு ஓரத்தில் நின்ற புஷ்பமேரியிடம் வந்தார்.

“டீச்சரம்மா, எம்புள்ள எங்க?”

பெருமாள்சாமி மேடையிலிருந்து அவளைப் பார்த்தார். ஏ.இ.ஓ.வும் பார்த்தார். ஒரு பொய் தயாராகத்தான் இருந்தது. பிள்ளைக்குத் தலைவலி, படுக்க வைத்திருக்கிறோம் என்று. அதைச் சொன்னால் இந்தக் கூட்டம் கலையும் வரைக்குமாவது தாங்கும்.

“ஆகஸ்ட்டுல இருந்து அவ வகுப்புக்கு வரல பாய்.”

“தினம் வந்துச்சே.”

“வரல. நான்தான் கோடு போட்டேன்.”

அவருக்கு அது புரியக் காத்திருக்காமல் ஓடினாள். சுவரின் ஓட்டை, கருவேலஞ்செடிகள். சேலை கிழிந்தது. “பாஸிலா” என்று கத்தினாள். இந்த முறை முழுத் தொண்டையில். சுவருக்கு அந்தப்புறம் மைக் சத்தம் நின்றுபோயிருந்தது. அமைதியில் மிகப் பக்கத்திலிருந்து உலோகத்தைத் தட்டுகிற சத்தம் வந்தது. வறண்ட குழிக்குள்ளிருந்து.

குலை ஒடிக்க வந்த பிள்ளைகளுக்குப் பயந்து பாஸிலா அதற்குள் இறங்கியிருக்கிறாள். ஏற முடியவில்லை. அழைத்திருக்கிறாள், பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை. தலை முதல் கால் வரை வெள்ளையாக, உதடு வெடித்து, அலுமினியத் தட்டைக் கல்லில் தட்டிக்கொண்டிருந்தாள். குழியின் சுவரெல்லாம் நகம் பிறாண்டிய தடம். கைகள் இரண்டும் சுண்ணாம்பில் வெந்திருந்தன.

கிதர் முகம்மது விளிம்பில் குப்புறப் படுத்து இரண்டு கையையும் நீட்டினார். “வாம்மா. அத்தா கையப் பிடி. வா என் ராசாத்தி.”

அவள் அத்தாவின் கையைப் பிடிக்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற டீச்சரை அண்ணாந்து பார்த்தாள். உள்ளங்கைகளைத் திருப்பிக் காட்டினாள்.

“கை இன்னும் ஆறல டீச்சர்” என்றாள். குரல் கட்டிப் போயிருந்தது. “வரலாமா?”